ஏலத்தில் வராத பட்டறை

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் படித்தவர்கள் ஸ்லவ் என்ற ஊரை ஜான் பெட்ஜமனின் கவிதை வழியாகவே அறிந்திருப்பார்கள். லண்டனுக்கு மேற்கே உள்ள அந்த ஊரையும் அதன் தொழிற்பேட்டை வாழ்க்கையையும் வாய்விட்டுச் சபிக்கும் கவிதை. 1937-இல் வந்த தொகுப்பில் இடம்பெற்றது. சாபத்துக்கு ஆளான அந்தத் தொழிற்பேட்டை எப்படி முளைத்தது என்பது கவிதைக்கு வெளியே உள்ள செய்தி. பழுதடைந்த ராணுவ வண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திச் செப்பனிடும் இடமாகத்தான் அது தொடங்கியது.

முதல் உலகப் போர் முடியும் தறுவாயில், 1918-இல், பிரிட்டிஷ் அரசு அங்கே விளைநிலங்களை வாங்கி மோட்டார் வண்டிகளுக்கான பழுதுபார்ப்பு நிலையம் ஒன்றைக் கட்ட ஆரம்பித்தது. கட்டி முடிப்பதற்குள் போர் முடிந்துவிட்டது. போர்முனையிலிருந்து திரும்பிய லாரிகளும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் அங்கே குவிந்தன. உள்ளூர்க்காரர்கள் அந்த இடத்துக்கு வைத்த பெயரைத் தமிழில் ‘குப்பைமேடு’ எனலாம். வீண்செலவு என்று நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது. 1920 ஏப்ரலில் நிலம், கட்டடம், வண்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து 70 லட்சம் பவுனுக்கும் மேலான தொகைக்குத் தனியார் குழு ஒன்றிடம் அரசு விற்றுவிட்டது. ஃபோர்டு நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையை நடத்தி அனுபவம் பெற்றிருந்த பெர்சிவல் பெர்ரி அக்குழுவின் தலைவர். வண்டிகளைச் செப்பனிட்டு விற்றார்கள்; வண்டிகள் தீரத் தீர, காலியான கொட்டகைகளைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். பேட்டை அப்படி உருவாயிற்று.

ராணுவ லாரி தனியார் கைக்கு வந்த கதையை ஸ்லவ்விலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அங்கே லாரியோடு பட்டறையும் சேர்ந்து விலைபோயிற்று. அது விதிவிலக்கு. பொதுவாக ராணுவம் ஏலத்துக்குக் கொண்டுவருவது லாரியை மட்டும்தான். அந்த லாரியை ஓடவைத்துக்கொண்டிருந்த பட்டறையும் பண்டகசாலையும் பணிமுறையும் ஏலத்துக்கு வருவதில்லை. வாங்கியவர் அவற்றின் வேலையைத் தானே செய்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் லாரி வாங்கியவர்கள் 1919-இலேயே பலர் இருந்தார்கள்.

போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் சிப்பாயின் கையில் அரசு கொடுத்த பணிக்கொடை இருந்தது. லாரி ஓட்டவும் போரில் கற்றிருந்தான். சந்தையில் ராணுவ லாரிகள் மலிவாகக் கிடைத்தன. ஒரு லாரியை வாங்கிச் சொந்தமாகச் சரக்கு ஏற்றிப் பிழைக்கலாம் என்று ஆயிரக்கணக்கானோர் இறங்கினார்கள். ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டு வாடகையைக் குறைத்ததில் பலர் நொடித்துப்போனார்கள். வாடகை குறைந்தபோது முதலில் வெட்டப்பட்டது பராமரிப்புச் செலவு. இந்தக் கட்டற்ற போட்டிக்கு 1933-இன் சாலை-ரயில் போக்குவரத்துச் சட்டம் உரிம முறை வழியாகக் கடிவாளம் போட்டது.

இதே காலத்தில் லேலண்ட் நிறுவனம் (எண்ணூரால் நமக்குப் பழகிய பெயர்தான்) ஒரு வினோதமான முடிவை எடுத்தது. போரின்போது பிரிட்டிஷ் விமானப் படைக்கென்று அது ஆயிரக்கணக்கில் லாரிகள் செய்து கொடுத்திருந்தது. அவை கண்டவர் கைக்குப் போய், அரைகுறையாகப் பழுதுபார்க்கப்பட்டு, நடுச்சாலையில் நின்றால் கெட்டுப்போவது தன் பெயர்தான் என்று லேலண்ட் அஞ்சியது. சுமார் 3,000 லாரிகளைத் தானே திரும்ப வாங்கியது. லண்டனுக்கு அருகே கிங்ஸ்டனில் போர்க்கால விமானத் தொழிற்சாலை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, அவற்றைக் கடைசி ஆணிவரை பிரித்துப் புதிதாக்கி விற்றது. அதில் முடங்கிய பணம் 1920-களின் தொடக்கத்தில் அந்நிறுவனத்தை நெருக்கடிக்குள் தள்ளியது. புது லாரிகளின் விற்பனையைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்த தந்திரம் என்றும் இதைச் சொல்லலாம். எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. படையின் பட்டறையை விட்டுப் பிரிந்த லாரி என்ன கதிக்கு ஆளாகும் என்பது அதைச் செய்தவர்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தப் பட்டறை என்பது என்ன? இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கப் படையைப் பார்த்தால் விளங்கும். ஜி.எம்.சி. நிறுவனம் 1941 முதல் 1945 வரை செய்த இரண்டரை டன் லாரியின் பெயர் சி.சி.கே.டபிள்யூ. பெயர் போலத் தோன்றும் இது உண்மையில் நிறுவனத்தின் குறியீடு: முதல் எழுத்து 1941-ஆம் ஆண்டு வடிவமைப்பு என்பதையும், இரண்டாவது வழக்கமான முகப்புள்ள லாரி என்பதையும், மூன்றாவது முன்சக்கரங்களுக்கும் விசை உண்டு என்பதையும், நான்காவது பின்னால் இரட்டை அச்சு என்பதையும் குறிக்கும். ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், ஆறு பக்கமும் விசை. ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தார்கள்.

இத்தனை லாரிகளை ஓடவைக்கப் படை பராமரிப்பை ஐந்து படிகளாகப் பிரித்திருந்தது. முதல் படி ஓட்டுநர்: வண்டி எடுக்கும் முன், ஓடும்போது, நிறுத்தும்போது, ஓட்டம் முடிந்தபின் என்று நான்கு வேளைச் சோதனை. தண்ணீர், எண்ணெய், காற்று, தளர்ந்த நட்டு. இரண்டாம் படி அவனுடைய பிரிவிலேயே இருக்கும் மெக்கானிக். மூன்றாவது படி பின்னால் வரும் நடமாடும் பட்டறை. நான்காவது ஓரிடத்தில் நிலைகொண்ட பட்டறை. ஐந்தாவது, முழு லாரியையும் பிரித்து மீண்டும் கோக்கும் பெரிய டெப்போ. ஒரு படியில் இருப்பவன் மேற்படியின் வேலையில் கைவைக்கக் கூடாது. இந்த ஏற்பாட்டின் நோக்கம் எளிது. பத்தொன்பது வயதில் பண்ணையிலிருந்து வந்த பையனுக்கு எஞ்சினைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவனுக்குரிய பத்து விஷயங்கள் தெரிந்தால் போதும்.

ஏற்பாடு எப்போதும் பலித்தது என்று சொல்ல முடியாது. 1944 ஆகஸ்ட் 25 முதல் நவம்பர் 16 வரை பிரான்சில் ‘ரெட் பால் எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் நடந்த சரக்கோட்டத்தில் உச்சகட்டமாக ஒரே நாளில் சுமார் 6,000 வண்டிகள் ஓடின. ஓட்டுநர்களில் முக்கால்வாசிப் பேர் கறுப்பின வீரர்கள். அளவுக்கு மீறிய பாரம், தூக்கமின்மை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரைப் பலர் கழற்றியெறிந்தார்கள். வழியில் வீசப்பட்டிருந்த உணவு டப்பாக்களின் தகர விளிம்பு டயர்களைக் கிழித்தது. முதல் படியின் நான்கு வேளைச் சோதனைக்கு அங்கே யாருக்கு நேரம் இருந்தது? லாரிகள் தேய்ந்து விழுந்தன. ஆனால் விழுந்த லாரியை இழுத்துக்கொண்டு போய்ப் பின்னால் செப்பனிட ஆள் இருந்தது. இல்லாவிட்டால் வேறொரு லாரி இருந்தது.

போர் முடிந்ததும் இவை விற்பனைக்கு வந்தன. அமெரிக்கா 1944-லேயே உபரிச் சொத்துச் சட்டம் இயற்றித் தயாராக இருந்தது. கடல் தாண்டிய லாரிகளில் பெரும்பாலானவற்றை ஊருக்குக் கொண்டுபோகாமல் அங்கங்கேயே தள்ளிவிட்டார்கள். பிரான்சில் அவை மரம் இழுத்தன, விறகு சுமந்தன, சர்க்கஸ் கம்பெனிகளோடு ஊர் சுற்றின. பிரெஞ்சு ராணுவமே ஏராளமாக எடுத்துச் சில பத்தாண்டுகள் வைத்துக்கொண்டது. தன் பட்டறைகளில் அவற்றைப் பிரித்துக் கோத்தது. ஒரு லாரியின் சட்டம், இன்னொன்றின் எஞ்சின், மூன்றாவதன் அச்சு. ஐரோப்பிய ஆர்வலர்கள் வைத்திருக்கும் லாரிகளில் பல இப்படி வந்தவையே. நார்மண்டியில் இறங்கிய அசல் லாரி என்று யாராவது மார்தட்டினால், எந்தப் பாகம் இறங்கியது என்று கேட்கலாம்.

அச்சு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஒரே ஆலையால் ஈடுகொடுக்க முடியாததால் சி.சி.கே.டபிள்யூ. லாரிக்கு இரண்டு வகை அச்சுகள் பொருத்தப்பட்டன. ஒன்று நடுவில் இரண்டாகப் பிளக்கும் கூடு கொண்டது. மற்றது பாஞ்சோ வாத்தியம் போல் வட்டக் கூடு கொண்டது. ஒன்றின் உதிரிபாகம் மற்றதற்கு ஆகாது. படையில் இது பண்டகசாலைக்காரரின் தலைவலி. தனியார் கையில், கிடைத்ததை வாங்கிப் போட்டுவிட்டுப் பொருந்தவில்லை என்று புலம்பும் விவசாயியின் தலைவலி.

பட்டறை வராவிட்டாலும், அதன் ஒரு பகுதி தப்பித்து வெளியே வந்தது. அது எழுத்து வடிவிலான பகுதி. அமெரிக்க அரசு வெளியிடுபவற்றுக்கு அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது. ஆகவே ராணுவத்தின் தொழில்நுட்பக் கையேடுகளை யார் வேண்டுமானாலும் அச்சிட்டு விற்கலாம். இன்று பழைய ராணுவ லாரி வைத்திருக்கும் எவரும் அந்தக் கையேடுகள் இல்லாமல் ஸ்பேனரைத் தொடுவதில்லை.

இங்கே இலக்கிய வாசகர்களுக்கு ஒரு உபரிச் செய்தி. கிராஃபிக் நாவல் என்ற சொல்லைப் பரவலாக்கிய ‘எ கான்ட்ராக்ட் வித் காட்’ நூலை 1978-இல் வெளியிட்ட வில் ஐஸ்னர், தன் உழைப்பின் பல ஆண்டுகளைச் செலவிட்டது லாரிப் பராமரிப்பில். 1942-இல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட அவர், ‘ஆர்மி மோட்டார்ஸ்’ என்ற பராமரிப்பு இதழுக்குப் படக்கதைகள் வரைந்தார். ஜோ டோப் என்ற சோம்பேறிச் சிப்பாய் எதையும் கவனிக்காமல் வண்டியைக் கெடுப்பான். கானி ராட் என்ற பெண் வந்து விளக்குவாள். கனெக்டிங் ராட் என்பதன் சிலேடைதான் அவள் பெயர். கொரியப் போரின்போது, 1951-இல், இதன் வாரிசாக ‘பி.எஸ்.’ என்ற மாத இதழ் தொடங்கியது. கையேடுகளுக்குப் பின்குறிப்பு என்று பொருள். 1971 வரை ஐஸ்னரின் நிறுவனம் அதைத் தயாரித்தது. அலுவலக மொழியில் எழுதிய கையேட்டைப் படிக்காத பையன் படக்கதையைப் படிப்பான் என்ற கணிப்பு சரியாக இருந்தது. கனமான கையேட்டை விட ஒரு கட்டப் படம் தெளிவாகச் சொல்லும் இடங்கள் பராமரிப்பில் நிறைய. ஐஸ்னரின் பிற்காலப் படைப்புகளைப் புகழும் விமர்சகர்கள் இந்த லாரி எண்ணெய்க் காலத்தைக் கடந்து போய்விடுவது எனக்குக் குறையாகவே படுகிறது.

கொரியப் போரையொட்டி வந்த இரண்டரை டன் லாரி எம்-35. மிச்சிகன் மாநிலம் லான்சிங்கில் இருந்த ரியோ நிறுவனத்தின் வடிவமைப்பு. வியட்நாம் போரின் படங்களில் நாம் பார்க்கும் லாரி பெரும்பாலும் இதுதான். அமெரிக்காவில் தனியார் கைகளில் அதிகம் இருப்பவற்றிலும் இதுவொன்று. இதன் கையேட்டு எண்ணின் கடைசியில் 10 என்றிருந்தால் ஓட்டுநருக்கு. 20 என்றிருந்தால் பிரிவு மெக்கானிக்குக்கு. 34 என்றிருந்தால் அதற்கு மேற்பட்ட பட்டறைகளுக்கு. எந்தப் பாகத்தின் எந்த வேலையை எந்தப் படி செய்யலாம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஒரு நீண்ட அட்டவணை இருக்கும். தனி உரிமையாளரின் வீட்டு மேசையில் இந்த மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. காலையில் அவர் ஓட்டுநர், மதியம் மெக்கானிக், இரவில் டெப்போ. அட்டவணையின் மணிக்கணக்கோ மூன்று பேர் கொண்ட குழுவையும் தூக்கியையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது.

இது எங்கே உயிர்ப் பிரச்சினை ஆகிறது என்றால், பிரேக்கில். எம்-35 வகை லாரிகளில் நெடுங்காலம் இருந்தது ஒற்றைச் சுற்று ஹைட்ராலிக் பிரேக். மிதியை அழுத்தினால் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர் வேலை செய்யும். காற்றழுத்தத்தால் இயங்கும் பூஸ்டர் அந்த அழுத்தத்தைப் பெருக்கும். அது ஒரே குழாய் வழியாகப் பிரிந்து ஆறு சக்கரங்களுக்கும் போகும். ஆறில் ஏதோ ஒரு சக்கரத்தில் ஒரு ரப்பர் கிண்ணம் கசிந்தாலோ, துருவேறிய ஒரு குழாய் வெடித்தாலோ ஆறு சக்கரமும் ஒருசேரப் போயிற்று. மிதி தரையைத் தொடும். மிஞ்சுவது கைப்பிரேக் மட்டும். அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் இருக்கும் ஒரு சின்ன டிரம்மைப் பிடிக்கிறது. லாரியின் எடை வெறுமையாகவே ஆறு டன்னுக்குச் சற்றுக் குறைவு.

படையில் இதைத் தாங்கிக்கொள்ள முடிந்ததற்குக் காரணம் பட்டறை. லாரிகள் வரிசையாக, பெரும்பாலும் குறைந்த வேகத்தில் ஓடின. குறித்த காலத்தில் யாரோ ஒருவர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தார். இப்போதோ அதே லாரி, ராணுவம் கழித்த பின் பல வருடம் வெயிலில் நின்று, ஏலத்தில் போய், நெடுஞ்சாலையில் குடும்பக் கார்களுக்கு நடுவே இறங்குகிறது. வாங்கிய அன்றே ஓட்டிப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும். விவரம் தெரிந்தவர்கள் புதிதாக வாங்குபவரிடம் முதலில் சொல்வது, ஆறு சக்கரத்தையும் திறந்து பார்க்கும்வரை ஓட்டாதே என்பதுதான்.

திறப்பதும் லேசுப்பட்ட வேலையல்ல. பிரேக்கைப் பார்க்க வேண்டுமென்றால் ஹப்பையும் டிரம்மையும் சேர்த்தே உருவ வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணெய் சீல் மாற்ற வேண்டும். அதற்கு முன் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். லாரியின் இடப்பக்கச் சக்கர நட்டுகளின் மரை தலைகீழானது. சாதாரண நட்டை இறுக்கும் திசையில் திருப்பினால் இவை கழலும். இதை அறியாதவர் நீண்ட குழாயை ஸ்பேனரில் செருகித் தொங்கித் தொங்கி நட்டை இன்னும் இறுக்கிவிட்டு, துரு பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, கடைசியில் போல்ட்டை முறித்துவிடுவார். டயர் மாற்றுவது இதைவிட ஆபத்து. ரிம்மில் டயரைப் பிடித்து நிறுத்துவது ஒரு எஃகு வளையம். சரியாக உட்காராத வளையம் காற்றடிக்கும்போது தெறித்தால் எதிரே இருப்பவர் பிழைப்பது அரிது. இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான் காற்றடிக்க வேண்டும் என்கிறது கையேடு. பட்டறையில் கூண்டு இருந்தது.

பிரேக் எண்ணெயிலும் ஒரு வரலாறு உண்டு. பழைய எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும்; மாதக்கணக்கில் நிற்கும் லாரியின் குழாய்களை உள்ளிருந்து அரிக்கும். ஆகவே அமெரிக்க ராணுவம் 1980-களின் தொடக்கத்தில் ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கோன் எண்ணெய்க்கு மாறியது. இரண்டும் ஒன்றோடொன்று கலக்காதவை. முந்தைய உரிமையாளர் எதை ஊற்றினார் என்பது தெரியாமல் இன்னொன்றை ஊற்றுவது அறிவீனம். முழுவதையும் வடித்துக் கழுவித்தான் தொடங்க வேண்டும்.

மின்சாரத்தில் நடப்பது வேறு விதமான பிழை. 12 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 24 வோல்ட்டில் ஓடும் வண்டி இது. பாட்டுக் கேட்க ரேடியோ வைக்க விரும்புபவர் இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் கம்பி இழுப்பார். ஒன்று வடிய, மற்றது அளவுக்கு மீறி ஊட்டப்பட, கொஞ்ச நாளில் இரண்டுமே பாழ்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த லாரியை வைத்திருப்பவர்கள் கோபித்துக்கொள்வார்கள். எம்-35 ஏ-2 வகையில் இருப்பது பல எரிபொருள் எஞ்சின். டீசல், விமான எரிபொருள், மண்ணெண்ணெய், அவசரத்துக்குப் பெட்ரோல்கூட. போர்க்களத்தில் எது கிடைக்கிறதோ அதில் ஓட வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. பிஸ்டன் தலையில் கோள வடிவக் குழி ஒன்று. எரிபொருளைக் காற்றில் தூவாமல் அந்தக் குழியின் சுவரில் படியவிட்டு ஆவியாக்கி எரிக்கும் முறை. இது ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் 1950-களில் மொய்ரர் என்ற பொறியாளர் உருவாக்கியது. அமெரிக்காவின் கான்டினென்டல் நிறுவனம் உரிமம் பெற்றுப் பயன்படுத்தியது. நம் ராணுவத்தின் சக்திமான் லாரியும் அதே மான் நிறுவனத்தின் உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் செய்யப்பட்டதுதான். தனி உரிமையாளர்கள் இந்த எஞ்சினுக்கு வடிகட்டிய பழைய எஞ்சின் ஆயிலையும் உணவகங்களின் மிச்ச எண்ணெயையும் ஊட்டுகிறார்கள். எதையும் தின்னும் என்பது அதன் புகழ். ஆனால் குறித்த சுழற்சி வேகத்துக்கு மேல் விரட்டினால் கனெக்டிங் ராடை உடைத்துக்கொண்டு வெளியே வரும் என்பதும் அதன் புகழே. ஜோ டோப் இன்று இருந்தால் அதைத்தான் செய்திருப்பான்.

பழைய வண்டி ஆர்வலர்களிடையே தீராத சண்டை ஒன்று உண்டு: ஒற்றைச் சுற்று பிரேக்கை இரட்டைச் சுற்றாக மாற்றலாமா? மாற்றினால் அது ராணுவம் செய்த லாரி அல்ல என்கிறது ஒரு கட்சி. மாற்றாவிட்டால் சாலையில் வரக்கூடாது என்கிறது மற்றது. நான் இரண்டாவது கட்சி. காட்சியகத்தில் நிற்கும் லாரியில் ஒரு வாஷரைக்கூட மாற்ற வேண்டாம். பொதுச்சாலையில் ஓடும் லாரிக்கு, அதன் வழியில் வருபவர்களின் சம்மதம் இல்லாமலே ஓடுகிறது என்ற காரணத்தாலேயே, வேறு நியாயம் வேண்டும். தவிர, அசல் என்ற வாதத்தை ராணுவமே மதிக்கவில்லை. டெக்சாஸின் ரெட் ரிவர், யூட்டாவின் டூவேலா முதலான டெப்போக்களில் பிரித்துக் கோக்கப்பட்ட லாரிகளின் முகப்பில் அந்தத் தேதியோடு ஒரு தகடு அறையப்பட்டிருக்கும். சிலவற்றில் இரண்டு தகடுகள்கூட உண்டு.

தனியாளால் ஐந்து படியையும் ஏற முடியாது என்பதைச் சீக்கிரமே உணர்ந்தவர்கள் ஒன்றுகூடினார்கள். 1976-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ராணுவ வண்டி சேகரிப்போர் சங்கம் பின்னாளில் ராணுவ வண்டிப் பாதுகாப்புச் சங்கமாக வளர்ந்தது. ஒருவரிடம் தூக்கி, ஒருவரிடம் கூண்டு, மூன்றாமவரிடம் அந்த ஹப் நட்டுக்கான பெரிய சாக்கெட். சங்கம் தன் இதழுக்கு வைத்த பெயர் ‘ஆர்மி மோட்டார்ஸ்’. 1919-இல் அமெரிக்க ராணுவம் வாஷிங்டனிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்கு நடத்திய லாரி ஊர்வலம், இளம் அதிகாரியாக ஐசனோவர் உடன் சென்ற ஊர்வலம், 62 நாள் எடுத்தது. 2009-இல் சங்கத்தார் தங்கள் சொந்த வண்டிகளில் அதே லிங்கன் நெடுஞ்சாலை வழியே அந்தப் பயணத்தை மறுபடி நடத்தினார்கள்.

உதிரிபாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. ராணுவம் பல பத்தாண்டுகளுக்குத் தேவையானதைச் செய்து குவித்திருந்தது. ஒவ்வொன்றுக்கும் 13 இலக்க எண். முதல் நான்கு இலக்கம் 2530 என்றால் பிரேக், ஸ்டியரிங், அச்சு வகையறா. மெழுகுத்தாளில் சுற்றி, எண்ணெய் பூசி, தேதி குத்தி அடைத்த பொட்டலங்கள். இணையத்தில் வாங்கிய ஒரு வீல் சிலிண்டரின் பொட்டலத்தைப் பிரித்தால் இரும்பு நேற்று வார்த்தது போல் மின்னும். பழகிய கை அதன் பளபளப்பைப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் கிண்ணங்களை விரலால் அழுத்திப் பார்க்கும். பொட்டலத்துக்குள் இருந்தே வயதாகி இறுகிப்போன அவற்றை எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு, புதிதாகச் செய்த ரப்பரைப் பொருத்திய பிறகுதான் சிலிண்டரை லாரிக்குக் கொண்டுபோகும்.